மானிட்டரா, டெஸ்க்டாப்பா என்று கேட்டாய்

செழியா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பெங்களூரில் வீடு பிடித்தாகிவிட்டது, கல்யாணத்துக்கு முன்னால் சாமான்களை வாங்கிப் போட்டுவிட வேண்டும், கட்டில் வந்துவிட்டது, ஃபிரிட்ஜ் சொல்லியாயிற்று என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாய். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "அப்பா, இன்னொண்ணு கேக்கணும். இனிமே வீட்ல இருந்தும் வேலை பாக்கணும். லேப்டாப்பையே ரொம்ப நேரம் பாத்தா சாயங்காலம் ஆனா தலை வலிக்குது, எழுத்து கலங்குது. தனியா ஒரு டெஸ்க்டாப் வாங்கிடலாமா, இல்ல லேப்டாப்புக்கு ஒரு மானிட்டர் மாட்டிக்கிட்டாப் போதுமா? நீங்க இன்னா சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டு லேசாகச் சிரித்தாய். ஒரு கம்ப்யூட்டர் இன்ஜினீயர் இதை என்னிடம் கேட்கத் தேவையில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியில்தான் நீயும் நானும் பிரிந்தோம். இந்தத் தடவை அப்பாவைக் கேட்டே வாங்குவோம், பழசு ஆறட்டும் என்று நினைத்துத்தான் கேட்டாய். நான் "யோசிச்சு சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டேன்.

வைத்ததும் அம்மா உள்ளேயிருந்து, "இன்னா சொல்றான்?" என்றாள். "கட்டில் வாங்கிட்டானாம்" என்றேன். உன் தலைவலியைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திறக்கவில்லை என்பது இரண்டு நிமிஷம் கழித்துத்தான் எனக்கே உறைத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். நாலு வருஷமாக எதைச் செய்துகொண்டிருக்கிறேனோ அதையே மறுபடியும் செய்திருக்கிறேன். இந்தத் தடவை உன் விஷயத்தில். இந்தக் கடிதத்தை நீ நின்றபடி படிக்காதே, ஆபீஸில் படிக்காதே. உட்கார்ந்து, கடைசி வரைக்கும் படி. பாதியில் கோபம் வந்து போனை எடுத்தாலும், மீதியையும் படித்துவிட்டுப் பேசு.

சுனாமி வந்ததற்கு அடுத்த வருஷம் அது. முதலியார்பேட்டையில் நான் டைம் கீப்பராக இருந்த மில்லில் விருப்ப ஓய்வு என்று எழுதி வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பிவிட்டார்கள். இருபத்தாறு வருஷம் மற்றவர்கள் வருவதையும் போவதையும் குறித்துக்கொண்டிருந்தவன், வீட்டில் எனக்கு நேரம் போகாமல் உட்கார்ந்திருந்தேன். அப்போது நம் வீடு ஓடியது அம்மாவின் விரல்களால். பிரஸ்காரர்கள் கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், ஆராய்ச்சி மாணவர்கள் கட்டுக் கட்டாகத் தாளைத் தூக்கிக்கொண்டு சாரத்தில் நம் வீடு வரைக்கும் தேடி வருவார்கள். தமிழ் டைப்பிங்கில் அவளுக்கு ஊரில் நல்ல பெயர். நீ பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, ஆபீஸில் வேறொன்று கொடுத்துவிட்டார்கள் என்று உன் லேப்டாப்பை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனாய். அன்றைக்கு அவள் முகத்தை நீ பார்த்திருக்கிறாய். அடுத்த தெரு டைப்பிங் சென்டரில் போய் உட்கார வேண்டாம், வீட்டிலேயே வேலை செய்யலாம் என்று அத்தனை சந்தோஷம்.

ஆறேழு மாதம் கழித்து அவள் கஷ்டப்பட ஆரம்பித்தாள். முதலில் எழுத்து சின்னதாக இருக்கிறது என்றாள். அப்புறம் சாயங்காலமானால் தலைவலி. டியூப் லைட்டைச் சுற்றிக் கலர் கலராக வளையம் தெரிகிறது என்றாள், ஸ்கிரீனை ரொம்ப நேரம் பார்த்தால் அப்படித்தான் ஆகும் என்று அவளே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். லேப்டாப் சின்னது, குனிந்து குனிந்து பார்த்துத்தான் இந்தக் கதி, ஒரு நல்ல டெஸ்க்டாப் வாங்கிப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று உனக்குப் போன் செய்தேன். நீ பொறுமையாகத்தான் சொன்னாய். லேப்டாப் நன்றாக இருக்கிறது, பதினேழு இஞ்ச் மானிட்டர் ஒன்றும் தனிக் கீபோர்டு ஒன்றும் வாங்கி அதில் மாட்டினால் டெஸ்க்டாப்பில் என்ன தெரியுமோ அதுதான் இதிலும் தெரியும், கரண்ட் போனாலும் அடித்தது அழியாது, டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ் வேறு வைக்க வேண்டும், அந்தச் சின்ன அறையில் இடமும் இல்லை என்றாய். நீ சொன்ன ஒவ்வொன்றும் சரி. சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அதை இப்போது வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வேலை போனவன் நான். வீட்டில் எதை வாங்குவது எதை விடுவது என்று முடிவு செய்யும் ஒரு விஷயமாவது என் கையில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். டெஸ்க்டாப்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? பேப்பரில் விளம்பரம் பார்ப்பேன். காமராஜர் சாலைக் கடைகளில் ஏறி இறங்கி, தெரிந்தவன் மாதிரி பேசிவிட்டு வருவேன். உன்னோடு போனில் மூன்று மாதம் சண்டை போட்டேன். "உன் பழைய சாமானை அவ தலையில கட்டிட்டு, இப்ப அதுக்கு ஒட்டு போடச் சொல்றியா?" என்று ஒருநாள் கத்தினேன். நீ, "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றாய். அம்மா போனை வாங்கி, "எது வந்தாலும் சரிடா, எனக்கு எழுத்து தெரிஞ்சாப் போதும்" என்றாள். அவள் கேட்டது அவ்வளவுதான். நாம் இரண்டு பேரும் அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம்.

இனி சொல்லப்போவது உனக்குத் தெரியாது. அந்தச் சண்டையின் நடுவில், ஐப்பசி மழை நேரத்தில், அவளை நேரு வீதியில் ஒரு கண்ணாடிக் கடைக்கு அழைத்துக்கொண்டு போனேன். கண்ணாடி நம்பரை மாற்றினால் கொஞ்சம் தேவலையாக இருக்குமே என்று அவள்தான் கேட்டாள். அங்கே கண் பார்க்கிறவர் வயதானவர், நிதானமாகப் பார்க்கிறவர். எழுத்துப் பலகையைக் காட்டினார், டார்ச் அடித்துப் பார்த்தார், நேராக என்னையே பாருங்கம்மா என்று சொல்லிவிட்டு இரண்டு பக்கமும் விரலை நீட்டி எத்தனை எத்தனை என்று கேட்டார். அவள் தப்புத் தப்பாகச் சொன்னாள். விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறதா என்று கேட்டார், ஆமாம் என்றாள். "நீங்க கொஞ்சம் வெளிய உக்காருங்கம்மா" என்று அனுப்பிவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சார், இது கண்ணாடி மாத்துற விஷயம் இல்ல. ஓரப் பார்வை ரொம்பக் கொறைஞ்சிருக்கு. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறியிருக்கும்னு எனக்குத் தோணுது. நான் டாக்டர் இல்ல, ஆனா நாப்பது வருஷமா கண்ணப் பாக்குறேன். நாளைக்கே பெரிய கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. விட்டுடாதீங்க." ஒரு சீட்டில் இங்கிலீஷில் நாலு வரி எழுதி மடித்துக் கொடுத்தார். நான் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்தால் அம்மா பெஞ்சில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "இன்னா சொன்னாரு?" என்று கேட்டாள். யோசிக்கவே இல்லை, வாயில் வந்தது: "கண்ணு நல்லாத்தான் இருக்காம். ஸ்கிரீன்தான் சின்னதாம்." அவள் முகம் தெளிந்துவிட்டது. "அப்பாடா, நான் எங்கப்பா மாதிரி ஆயிடுவனோன்னு பயந்துட்டேன்" என்றாள். அவள் அப்பாவை நீ பார்த்ததில்லை. கடைசி ஏழெட்டு வருஷம் அவருக்குக் கண் தெரியாது. வயதானால் அப்படித்தான் என்று அந்த வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டார்கள். கல்யாணமான புதிதில் அவர் கிணற்றடிக்குச் சுவரைத் தடவித் தடவிப் போவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் அதை மட்டும் சொன்னால் பாதிப் பொய். மீதி இதுதான்: கண்ணில்தான் கோளாறு என்று தெரிந்தால் டெஸ்க்டாப் எதற்கு என்று நீ கேட்பாய், நான் மூன்று மாதம் போட்ட சண்டை ஒன்றுமில்லாமல் போய்விடும். மழையில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடக்கும்போது நான் நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஒரு மாணவியின் ஆய்வேடு கையில் இருக்கிறது, முடித்துக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றேன். எனக்குள்தான். அவளிடம் சொன்னால்தானே அவள் பதில் சொல்ல முடியும்? அப்புறம் மார்கழியில் ஒரு சனிக்கிழமை நீயே வந்து இறங்கினாய். இனி பேசிப் பயனில்லை என்று என்னைக் கேட்காமலேயே கடைக்குப் போய், மானிட்டரை வாங்கி, அந்தப் பெரிய அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தாய். தையல் மிஷின் மேஜையைக் காலி செய்து அதில் வைத்தாய். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "தெரியுதாம்மா?" என்றாய். "பளிச்சுன்னு இருக்குடா" என்றாள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நீ ஜெயித்த மாதிரிப் பார்க்கவில்லை, சமாதானமாகத்தான் பார்த்தாய். நான் வெளியே எழுந்து போய்விட்டேன்.

நீ பெங்களூர் போன பிறகு நடந்ததையும் நீ அறியமாட்டாய். பெரிய மானிட்டர் வந்ததும் அவளுக்குச் சிரமம் கூடிப்போனது. சின்னத் திரையில் எல்லாம் கண்ணுக்கு நேராக இருந்தது. இது அகலம். நடுவில் இருப்பது தெரியும், ஓரத்தில் இருப்பது தெரியாது. அம்புக்குறியைத் தொலைத்துவிடுவாள். "இந்த அம்பு எங்க போச்சு பாருங்களேன்" என்று என்னைக் கூப்பிடுவாள். அது திரையின் ஓரத்திலேயே இருக்கும். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பித் தேடுவாள். பிரஸ்ஸிலிருந்து புரூஃப் திரும்பி வந்தது, வரிகளின் முதல் சொல் விட்டுப்போயிருக்கிறது, ஒரு பக்கத்தில் ஏழு இடத்தில். அவள் வேலையில் அதற்கு முன்னால் அப்படி வந்ததே கிடையாது. பெரிய மார்க்கெட்டில் மீன் கூடைக்காரியின் மேல் மோதி, அந்த அம்மா, "கண்ணத் தொறந்துக்கினு வாம்மே" என்று திட்டினாள். நான் பக்கத்தில் காய்ப் பையோடு நின்றிருந்தேன். "பழைய ஸ்கிரீனே தேவலையா இருந்துச்சுங்க. செழியன்கிட்ட சொல்லிடாதீங்க, ஆசையா வாங்கிக் குடுத்திருக்கான்" என்றாள் அம்மா. "பழகிடும்" என்றேன். சீட்டு அப்போது என் பழைய மில் டைரிக்குள் இருந்தது.

பங்குனியில் ஒருநாள் மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். வலது கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. வாந்தி நிற்கவில்லை. "மண்டைய பொளக்குது, மண்டைய பொளக்குது" என்று கத்தினாள். அப்போதாவது கண் ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கலாம். தெரு முனை கிளினிக்குக்குத்தான் கூட்டிப்போனேன். வெயில், பித்தம் என்று வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார்கள். அங்கிருந்த டாக்டரிடமும் சீட்டைப் பற்றி நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அப்போதே கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். மறுநாள் காலை அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி, "ஏங்க, விடிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். ஜன்னல் வழியாக வெயில் அவள் மடியில் விழுந்திருந்தது.

கண் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயது. எல்லாப் பரிசோதனையும் முடித்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டு உட்கார வைத்தார். வலது கண்ணில் இனி பார்வை வராது, இடது கண்ணில் நரம்பு முக்காலும் போய்விட்டது, ஆபரேஷன் செய்து பார்க்கலாம், உறுதி சொல்ல முடியாது என்றார். "இது திடீர்னு வந்தது இல்ல. மாசக் கணக்கா இருந்திருக்கு. யாரும் உங்ககிட்ட சொல்லவே இல்லையா?" என்றார். "இல்ல" என்றேன். "ஒரு அஞ்சாறு மாசம் முன்னாடி வந்திருந்தா லேசர்ல சின்னதா ஒரு துவாரம் போட்டு, இருந்த பார்வைய அப்படியே காப்பாத்தியிருக்கலாம்" என்றார். நான் கேட்டேன், செழியா, அந்த நேரத்தில் நான் கேட்டது என்ன தெரியுமா? "கம்ப்யூட்டர் பாத்ததாலயா டாக்டர்?" என்றேன். அவர் தலையை ஆட்டி, "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது. கம்ப்யூட்டரே பாக்காத வயக்காட்டு ஆளுங்களுக்கும் வருது. இது குடும்பத்துல வர்றது. அவங்க வீட்ல யாருக்காவது இருந்துச்சா?" என்றார். அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" ஒரு பையன் என்றேன். பேனாவை மூடிவிட்டு அவர் சொன்னது இது: "அவரக் கட்டாயம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை. வலி இல்லாமலும் வரும், போனா திரும்பாது. மறந்துடாதீங்க."

போனில் தகவல் சொன்னதும் கிளம்பி, அன்று சாயங்காலம் நீ பெங்களூர் பஸ்ஸிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாய். தோளில் பை, முகமெல்லாம் தூசி. "இன்னாச்சுப்பா?" என்றாய். டாக்டரம்மா சொன்னதை உன்னிடம் சொல்ல எனக்கு நாலு வாக்கியம் போதும். நான் சொன்னது வேறு. "கண்ணுல பிரஷர் ஏறி நரம்பு செத்துப்போச்சு. எல்லாம் அந்த லேப்டாப்பாலதான். நான் அன்னைக்கே தலையால அடிச்சிக்கினேன், டெஸ்க்டாப் வாங்கிக் குடுன்னு. நீ கேட்டியா? ஒட்டு போட்டு உக்கார வெச்ச. இப்ப பாரு உங்கம்மாவ." வராந்தாவில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ பையை மெதுவாகத் தரையில் வைத்தாய். அப்புறம் உள்ளே போய் அம்மாவின் காலருகில் உட்கார்ந்துவிட்டாய். அவள் உன் தலையைத் தடவி, "பஸ்ல உக்கார எடம் கெடச்சுதாடா?" என்று கேட்டது எனக்கு வெளியே கேட்டது.

இடது கண் ஆபரேஷனும் பலிக்கவில்லை. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது மட்டும் தெரிகிறது. நீ அந்த மானிட்டரைப் போர்வையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டுப் போனாய். அதற்கப்புறம் தீபாவளிக்கு வருவாய், பொங்கலுக்கு வருவாய், ஒருநாளைக்கு மேல் தங்கமாட்டாய். அம்மாவுக்கு எதிரில் உட்கார மாட்டாய், பக்கத்தில் உட்காருவாய். உன் சிநேகிதன் ஒருவன் வீட்டுக்கு வந்தபோது, "எங்கம்மா கண்ணு போனதுக்கு நான்தான்டா காரணம்" என்று நீ சொன்னதை அடுத்த அறையில் இருந்து கேட்டேன். கேட்டும் எழுந்து வரவில்லை. எழுந்து வந்து ஒரு உண்மையைச் சொன்னால் பின்னாலேயே மற்றதெல்லாம் வரும். திரை காரணமில்லை என்றால் எது காரணம் என்று கேட்பாய். குடும்ப நோய் என்றால், முன்னாலேயே தெரியாதா என்பாய். அதனால் உன்னை டெஸ்ட் பண்ணச் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னதையும் சேர்த்து விழுங்கிவிட்டேன். போன தீபாவளிக்கு உன்னை ஏற்றிவிட பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேனே, தூரத்தில் நின்ற பஸ்ஸின் போர்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்து, "அது பெங்களூரா பாருங்கப்பா" என்றாய். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "ஆமா, அதான், ஏறு" என்றேன்.

மகனுக்குக் கல்யாணம் என்றால் அப்பா நாலு நல்லது சொல்லிக் கடிதம் எழுதுவார். எனக்கு அந்த யோக்கியதை இல்லை, ஆனாலும் நான் கெட்ட இடத்திலிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன். நீயும் அந்தப் பெண்ணும் வீட்டுச் சாமானுக்காகச் சண்டை போடுவீர்கள், எல்லோரும் போடுவார்கள். அந்தச் சாமான் யாருக்காக என்று நடுவில் ஒரு தடவை நிறுத்திக் கேட்டுக்கொள். நான் உன்னோடு மூன்று மாதம் சண்டை போட்டதில் அம்மாவின் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இன்னொன்று, கெட்ட செய்தி கைக்கு வந்தால் அன்றைக்கே சொல்லிவிடு. முதல் நாள் சொல்லாதது வெறும் தயக்கம். இரண்டாம் நாள் அதற்கு ஒரு காரணம் தேவைப்படும். பத்தாம் நாள் அந்தக் காரணத்தைக் காப்பாற்றவே மனுஷன் வாழ ஆரம்பித்துவிடுவான். நான் நாலு வருஷம் அப்படி வாழ்ந்தேன். வெளியில் பார்த்தால் கண் தெரியாத மனைவியைக் கையில் பிடித்து அழைத்துப்போகிற நல்ல மனுஷன். சாரத்தில் பத்துப் பேர் என்னை அப்படிச் சொல்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை அம்மாவிடம் சொன்னேன். தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து, கண்ணாடிக் கடையிலிருந்து ஆரம்பித்தேன். அவள் விரல்கள் கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டே இருந்தன. சீட்டு என்றதும் நின்றுவிட்டன.

"எத்தனை மாசம் வெச்சிருந்தீங்க?"

"அஞ்சு மாசம்."

"அந்த அஞ்சு மாசமும் நான் உங்ககிட்ட தலைவலின்னு சொன்னேனே."

"சொன்ன."

அவள் முறத்தைத் தள்ளி வைத்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை சொன்ன தலைவலியையும், டாக்டரம்மா உன்னைப் பற்றிச் சொன்னதையும் சொல்லி முடித்தேன். அப்போதுதான் அவள் குரல் மாறியது. "என்னுது போச்சு. அதுக்கு நான் உங்கள ஒருநாள் கேப்பேன், இன்னைக்கு இல்ல. ஆனா புள்ளைக்கு வரும்னு தெரிஞ்சும் நாலு வருஷம் எப்படிங்க சோறு எறங்குச்சு உங்களுக்கு? அவன் என்னாலதான்னு அழுதுக்கினு கெடந்தானே, அத வேற பாத்துக்கினு இருந்தீங்களே." நான் போன் செய்கிறேன் என்று எழுந்தேன். "வேணாம். போன்ல பேசினா பாதிய முழுங்கிடுவீங்க. எழுதுங்க. ஒண்ணு விடாம எழுதுங்க. எழுதினத எனக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள். அதற்கப்புறம் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. என் கையையும் பிடிப்பதில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அவளே போகிறாள், அவளே வருகிறாள்.

நீ கேட்டதற்குப் பதில்: மானிட்டர் போதும். அன்றைக்கும் நீ சொன்னதுதான் சரி, இன்றைக்கும் அதுதான் சரி. ஆனால் அதை இப்போது வாங்காதே. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே லீவு போட்டுவிட்டு ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போ. கண்ணாடிக் கடைக்குப் போகாதே. அம்மாவுக்கும் அவள் அப்பாவுக்கும் இருந்தது என்று முதலிலேயே சொல். பிரஷர் பார்க்கச் சொல், நரம்பைப் பார்க்கச் சொல், ஓரப் பார்வை டெஸ்ட் எடுக்கச் சொல். உன் தலைவலிக்கு வேறு காரணமும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், இப்போது தெரிந்தால் காப்பாற்றலாம் என்று அந்த டாக்டரம்மா சொன்னார். அந்தப் பெண்ணிடமும் கல்யாணத்துக்கு முன்னாலேயே சொல்லிவிடு. அவள் வீட்டார் என்ன சொல்வார்களோ என்று யோசிக்காதே. தெரிந்து வருகிறவள்தான் உனக்கு வேண்டும். சம்பந்தி வீட்டாருக்கு விளக்கம் சொல்ல வேண்டுமென்றால் நான் வருகிறேன், உன் அம்மாவுக்கு எப்படிக் கண் போனது என்பதை அவர்கள் முன்னாலும் என் வாயாலேயே சொல்கிறேன்.

இதையெல்லாம் இன்று காலை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள். வராந்தாவில் நான் உன்னிடம் கத்தியதைப் படித்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னாள், சரியாகத்தான் சொன்னாள், மாற்றிவிட்டேன். கடைசியில் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு நாலு வரி எழுதியிருந்தேன். அதைப் படிக்க ஆரம்பித்ததும் கையை நீட்டி நிறுத்தினாள்.

"அத அடிங்க."

"ஏன்?"

"அதப் படிச்சா அவன் உடனே உங்களுக்குப் போன் பண்ணுவான், பரவால்லப்பான்னு சொல்லுவான், ஆஸ்பத்திரிக்குப் போகாம உங்களத் தேத்திக்கினு உக்காந்திருப்பான். எனக்கு அவனத் தெரியும். மொதல்ல போய்க் கண்ணக் காட்டட்டும். அப்புறம் நீங்க நேர்ல கேட்டுக்குங்க. குடுக்குறதும் குடுக்காததும் அவன் இஷ்டம்."

அடித்துவிட்டேன்.

அப்பா